ஏரிக்கு ஏறிய சம்பந்திகள்

என் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்தது மலையில் அல்ல, எங்கள் வீட்டுக் குளியலறையில்.

நாங்கள் போக இருந்தது பனியாறு உருகித் தேங்கும் ஓர் ஏரிக்கு. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே, மரம் செடி எதுவும் முளைக்காத உயரத்தில் இருக்கிறது. அதுவரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று நானும் இவரும் கல்யாணமான நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழியாக ஒரு மலையேற்றக் குழுவில் பெயர் கொடுத்தோம். புது பூட்ஸைக் காலுக்குப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் கொப்புளம் வரும் என்று சொன்னார்கள். இவர் அதைப் போட்டுக்கொண்டே வீடு முழுக்க உலாவினார். அடுப்படியில் பூட்ஸ், சோபாவில் பூட்ஸ். கடைசியில் சோப்புத் தண்ணீர் கிடந்த தரையிலும் பூட்ஸோடு கால் வைத்தார். கணுக்காலில் மாவுக்கட்டு.

"மலைக்குப் போறவன் பாத்ரூம்ல விழுந்தான்னு வெளியில சொல்லிடாதே," என்று என்னிடம் கெஞ்சினார். நான் சொல்லவில்லை. அவருடைய அம்மா சொல்லிவிட்டார்.

அவருக்கு அதற்கு வசதி அதிகம். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பயத்தில் எதை மிதித்தாலும் கடைசி முடிவு அத்தையுடையது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போதுகூட அவர் குரல் எதிர் நடைபாதைக்குக் கேட்கும்.

என் அம்மா இதற்கு நேர்மாறு. அவள் ஒரு லேபில் செயற்கைப் பல் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் ஜிப்சம் மாவு கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகு கட்டி, அரிசி அரிசியாகப் பல்லை எடுத்து வரிசையாகப் பதிப்பாள். ஒரு பல் மயிரிழை சாய்ந்தாலும் மொத்தத்தையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. வருஷக்கணக்கில் அப்படியே இருந்து பழகிவிட்டதால் வெளியிலும் அவள் வாயைத் திறக்க நாம்தான் கெஞ்ச வேண்டும்.

சம்பந்திகள் இருவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமே இல்லை. "நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" "இருக்கேன் சம்பந்தி, நீங்க?" அவ்வளவுதான். அதற்குமேல் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் ஏதாவது பேச வேண்டும்.

கால் உடைந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இவரைப் பார்க்க ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். தெரிந்திருந்தால் ஒருவர் சனிக்கிழமையே வந்து போயிருப்பார்.

"மலைக்குக் கொடுத்த பேரை என்ன பண்ணப் போறீங்க?" என்று அத்தை கேட்டார்.

"வேற யாராவது ரெண்டு பேர் போறதா இருந்தா மாத்திக்கலாம்னு சொல்றாங்க அத்தை. அந்த ரெண்டு பேருக்கு எங்க போறது?" என்றேன். பிறகு சும்மா இருக்காமல், "பேசாம நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்," என்றும் சொல்லிவைத்தேன்.

இவர் சிரித்த சிரிப்பில் தலையணை மேலிருந்த மாவுக்கட்டுக் கால் நழுவிக் கீழே விழுந்தது. "ஆ!" என்று கத்திக்கொண்டே சிரித்தார். "எங்கம்மாவா? கேட்டுக்கு வெளியில குப்பை கொட்டப் போறதுக்கே கார் எடுப்பாங்க!"

அத்தையின் முகம் மாறியது. "ஏண்டா, எனக்கு என்ன குறைச்சல்? மனசு வெச்சா ஏற மாட்டேனா?" என்றவர், அதோடு விட்டிருக்கலாம். அம்மா பக்கம் திரும்பி, "சம்பந்திக்குத்தான் கஷ்டமா இருக்கும். நாள் பூரா உட்கார்ந்தே பார்க்கற வேலை," என்றார்.

அம்மா டீ கப்பைக் கீழே வைத்தாள். "உங்களுதும் உட்கார்ந்து பார்க்கற வேலைதானே சம்பந்தி."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்து நாளாயிற்று.

"அப்ப நீங்க வரீங்களா?"

"நீங்க வந்தா நானும் வரேன்."

இவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வழியனுப்ப வாசல்வரை போனபோது அம்மா என் காதில், "உங்கத்தை ஒரு வாரத்துல வேண்டாம்னுடுவாங்க. நானா முதல்ல சொல்ல மாட்டேன்," என்றாள். அத்தை வீட்டுக்குப் போனதும் போன் செய்தார். "உங்கம்மா பாவம்மா, வரலைன்னு சொல்லக் கூச்சப்படறாங்க. நீயே பக்குவமா கேட்டு நிறுத்திடு." இரண்டு பேரிடமும் சரி சரி என்று சொல்லிவைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. இருவரும் வேண்டாம் என்று சொல்வதாக இல்லை. மாமனாரைக் கேட்டால், "எனக்கு முழங்கால் வலி, நான் மலையை டிவியில பார்த்துக்கறேன்," என்று ஒதுங்கிக்கொண்டார். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அப்பாவோ, ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, "உங்கம்மாவா? மலைக்கா? அவளாவே சொன்னாளா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, அவ்வளவு தூரத்திலிருந்து சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடம் இருக்கிறது. மாடிக்கு மாடி வளைந்து வளைந்து சரிவுப்பாதை போகும், ஓரத்தில் படிக்கட்டும் உண்டு. யாரும் ஏறாத படி. மூச்சு வாங்கினாலும் பார்க்க ஆள் இல்லை. ஆகவே அம்மா, வேலைக்குப் போகும் முன் அங்கே ஏறிப் பழகலாம் என்று முடிவு செய்தாள். முதுகுப்பையில் பாரத்துக்காகப் பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டாள்.

நாலாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெண்மணி படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை. பைக்குள்ளிருந்து, பழைய காரில் கழற்றிய கனத்த இரும்பு பிரேக் டிரம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"சம்பந்தி!"

"சம்பந்தி."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?" என்று அத்தை கேட்டாராம்.

"இல்ல. நீங்க?"

"காரை எங்க விட்டேன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"பிரேக் டிரம்மைத் தூக்கிக்கிட்டா?"

யார் முதலில் சிரித்தது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. ஆனால் அன்றைக்கு மொட்டைமாடி வரை சேர்ந்தே ஏறினார்கள்.

அதன்பிறகு திட்டம் போடும் வேலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அத்தை வரைபடத்தைப் பரப்பி, தடித்த சிவப்புப் பேனாவால் கோடு இழுப்பார். அம்மா பின்னாலேயே வந்து, மெல்லிய பென்சிலால் அந்தக் கோட்டை வளைவுக்கு வளைவு சரி செய்வாள். பையில் எதை வைப்பது என்பதில் பெரிய ரகளை. அத்தைக்கு எல்லாமே வேண்டும்: குடை, மடக்கு நாற்காலி, தைலம், இன்னொரு தைலம். அம்மா சமையல் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பாள்.

"சம்பந்தி, ரெண்டு சீப்பு எதுக்கு?"

"ஒண்ணு தொலைஞ்சா?"

"நான் ஒண்ணு எடுத்துட்டு வரேன். அதுவும் தொலைஞ்சா ரெண்டு பேரும் பரட்டைத் தலையோட ஏரியைப் பார்க்கலாம். ஏரி கோவிச்சுக்காது."

இவர் என் விலாவில் இடித்தார். "உங்கம்மா ஜோக் அடிக்கறாங்க," என்று கிசுகிசுத்தார், ஏதோ பறவையைப் பார்த்தவர் போல, சத்தம் போட்டால் பறந்துவிடும் என்கிற மாதிரி.

குழுவை அழைத்துப்போகும் வழிகாட்டிப் பெண் ஒருநாள் வீடியோவில் வந்தாள். முப்பது வயதிருக்கும், வெயிலில் கருத்த கன்னம். அத்தை எடுத்த எடுப்பில் டாய்லெட் வசதி பற்றிக் கேட்டார். அது முடிந்ததும் அம்மா, மூச்சுத் திணறினால் என்ன செய்வது, தலைவலி வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது என்று வரிசையாகக் கேட்டாள்.

"தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தா பொறுக்கவே கூடாதும்மா, உடனே கீழே இறங்கணும். மலை எங்கேயும் ஓடிப்போகாது," என்றாள் அவள். "அதைவிட முக்கியம், மெதுவா ஏறக் கத்துக்கோங்க. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அம்மாவுக்கு வந்தது சோதனை. பேசிக்கொண்டே ஏற வேண்டும்! முதல் இரண்டு நாள் அத்தைதான் பேசினார். மூன்றாம் நாள் அத்தை, "நீங்க பேசாம வரீங்களே, மூச்சு வாங்குதா, இல்ல வழக்கமா இப்படித்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று நிறுத்திவிட்டாராம். வேறு வழியில்லாமல் அம்மா பேசத் தொடங்கினாள். முதலில் பல்லைப் பற்றி. பிறகு அப்பாவைப் பற்றி. அதன்பிறகு என்னென்னவோ.

"உங்கம்மா ஆத்துல நீச்சலடிச்சுப் பரிசு வாங்கினவங்களாமே?" என்று அத்தை ஒருநாள் என்னிடம் கேட்டபோது நான் முழித்தேன். பெற்ற பெண் எனக்குத் தெரியாது.

மாவு மூட்டையும் பிரேக் டிரம்மும் ஏறி ஏறி இறங்கின. வாகன நிறுத்தக் காவலாளி இருவருக்கும் வணக்கம் வைக்க ஆரம்பித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஐம்பது தாண்டியவர்கள் டாக்டரிடம் காட்டிக்கொண்டு வர வேண்டும் என்று குழுவிலிருந்து சொன்னார்கள்.

அம்மா நடைமெஷினில் ஓடி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அடுத்து அத்தை போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது டாக்டரும் கூடவே வந்தார்.

"இவங்களுக்குப் பிரஷர் ஏகத்துக்கு இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும், காட்டிக்கலை. இப்ப உயரத்துக்குப் போறது சரியில்லை. மாத்திரை, நடை, உப்பைக் குறைக்கறது. ஒழுங்கா இருந்தா அடுத்த பருவத்துல பார்க்கலாம்."

அத்தை வீட்டு வாசலில் இறங்கியதும் வழக்கத்தைவிடச் சத்தமாக, "அதனால என்ன சம்பந்தி, நீங்க போயிட்டு வாங்க! நிறைய போட்டோ எடுங்க!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் முழுக்க அறைக் கதவு சாத்தியே இருந்தது என்று மாமனார் போனில் சொன்னார்.

நாலு நாள் கழித்து அம்மா, தானும் போகவில்லை என்று அறிவித்தாள். லேபில் ஏகப்பட்ட வேலை வந்து குவிந்துவிட்டதாம், லீவு கிடைக்காதாம். அத்தைக்குப் போன் செய்து அவளே சொன்னாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தேகம் வரவில்லை. அம்மா பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? குழு கிளம்பிப் போனது. எங்கள் சாப்பாட்டு மேசை காலியானது. அத்தை மாத்திரையை விழுங்கிக்கொண்டு, உப்பில்லாத சூப்பைக் குடித்துக்கொண்டு, கார் பழகுகிறவர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டினார்.

அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். பயம் தெரியாமல் இருக்க ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவார். அன்றைக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பல் செட் செஞ்சு கொடுக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க மேடம். தங்கமான கை. போன மாசம் நான் ஊர்லயே இல்ல, ஒரு செட்டுகூட அனுப்பலை. அவங்க என்னைக் கூப்பிட்டு, 'யாராவது கேட்டா நிறைய வேலை அனுப்பியிருக்கேன்னு சொல்லிடுங்க டாக்டர்'ங்கறாங்க. ஏன்னு கேட்டா, மலைக்குப் போறதா இருந்தாங்களாம், கூட வரவேண்டிய சம்பந்திக்குப் பிரஷராம். தனியா போக மனசில்லையாம். அதை அவங்ககிட்டச் சொன்னா, என்னாலதான் நின்னுட்டாங்கன்னு குமைஞ்சு போவாங்கன்னு..."

கார் நட்ட நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"மேடம்? சிக்னல் பச்சைதானே? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை டாக்டர். பிரேக் நான்தான் போட்டேன்." பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். அத்தை அசையவில்லை. "அந்த லேப் மருந்துக்கடைக்குப் பின்னாடிச் சந்துலதானே? வண்டியை அங்க விடுங்க."

"சந்தா? நான் இதுவரைக்கும் மெயின் ரோட்டுலயே ஒழுங்கா ஓட்டலையே மேடம்!"

"இன்னிக்கு ஓட்டுவீங்க. கிளட்ச்!"

அந்தச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரும் புதிருமாக வந்தாலே ஒருவர் இறங்க வேண்டும். டாக்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு குப்பைத்தொட்டியை மட்டும் சாய்த்துவிட்டு, லேப் வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே அம்மா முழங்கை வரை வெள்ளை மாவோடு உட்கார்ந்திருந்தாள். அலமாரி நிறைய, சொந்தக்காரர் இல்லாத வாய்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"ரொம்ப வேலையோ சம்பந்தி?"

"ஆமா... திடீர்னு நிறைய..." என்று தொடங்கிய அம்மா, அத்தையின் தோளுக்குப் பின்னால் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் அத்தை. 'நீங்க' எங்கேயோ சந்திலேயே விழுந்துவிட்டிருந்தது. "இத்தனை நாள் படியேறினது எதுக்கு? எனக்காக நீ ஏன் நிக்கணும்? நான் கேட்டேனா?"

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "போய் நான் என்ன பண்றது? அங்க யார்கூடப் பேசிக்கிட்டு ஏறறது?"

"வழிகாட்டிப் பொண்ணு இருந்தாளே!"

"அவகிட்ட என்ன பேசுவேன்? பல்லைப் பத்தியா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பல வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், அவள் கத்தி அன்றுதான் கேட்டார். "போட்டோ எடுத்து அனுப்புங்கறே! நீ வீட்ல உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு போட்டோ பார்க்கறதுக்கா நான் மாவு மூட்டை சுமந்தேன்? போனா ரெண்டு பேரும் போவோம். இல்ல, ரெண்டு பேரும் அந்தப் பார்க்கிங்லயே ஏறி இறங்கிட்டு இருப்போம். எனக்கு ஒண்ணும் இல்லே."

அத்தை கண்ணைத் துடைக்க அம்மாவின் மேலங்கியையே இழுத்தார். அதில் ஒட்டியிருந்த மாவு முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகவே வந்தன.

"மேடம்," என்று டாக்டர் வாசலிலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார், "இங்கிருந்து ரிவர்ஸ் எடுக்கறது எப்படி?"

"அதை அடுத்த வாரம் சொல்லித் தரேன். இன்னிக்கு நடந்து போங்க," என்றார் அத்தை.

அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் மலைக்கான ஏற்பாடுதான். இந்தமுறை நாலு பேர் பெயர் கொடுத்தோம். இவர் கால் கூடிவிட்டிருந்தது. அத்தையின் பிரஷரை அம்மா கையில் எடுத்துக்கொண்டாள். காலையில் போன் செய்து, "மாத்திரை போட்டியா?" என்பாள். "போட்டேன்" என்றால், "எங்க, டப்பாவைக் காட்டு," என்று வீடியோவுக்கு மாறுவாள். அத்தை சிப்ஸ் பொட்டலத்தைக் கார் டாஷ்போர்டில் ஒளித்துவைத்து, பழக வந்தவர்களில் யாரோ காட்டிக்கொடுத்து, ஒரு பெரிய விசாரணையே நடந்தது. காட்டிக்கொடுத்தது பல் டாக்டர்தான் என்று அத்தைக்கு உறுதி. அந்த ஆத்திரத்தில் அவரை மேட்டில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுக்கவைத்தார். அதனாலேயே அவர் முதல் முயற்சியில் லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

கூடாரம் போட்டுப் பழகுவது எங்கள் ஹாலில். சோபாவைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, இரண்டு சம்பந்திகளும் கம்பிகளைக் கோத்தார்கள். அத்தை ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் படுத்துக்கொள்ளும். கடைசியில் கூடாரம் நின்றது, அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாள், வாசல் சுவர்ப் பக்கம் பார்த்திருந்தது. "கதவை எங்க வெச்சே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நானும் இவரும் தரையில் உருண்டோம்.

பிரஷர் பார்த்த டாக்டர் மறுபடி அத்தையை நடைமெஷினில் ஏற்றினார். இந்தமுறை அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, "பேசிக்கிட்டே ஓடு!" என்று சைகை காட்டினாள். அத்தை நர்ஸிடம் பேசிக்கொண்டே ஓடினார். டாக்டர் வெளியே வந்து, "தாராளமாப் போகலாம். ஆனா அந்த நர்ஸுக்குக் காது வலிக்குதாம்," என்றார்.

பருவம் வந்ததும் கிளம்பினோம். பைன் மரங்களுக்கு நடுவே நடந்து, பிறகு புல்வெளியில் நடந்து, பிறகு வெறும் கல்லில் நடந்தோம். ஒவ்வொரு நாளும் முகாமைத் தாண்டி மேலே ஏறிவிட்டு, தூங்குவதற்கு மறுபடி கீழே இறங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று வழிகாட்டி சொன்னாள். முன்னால் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சு எங்கேயாவது அறுந்தால் வழிகாட்டி திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைப்பாள். குழுவில் இளவட்டங்கள் சிலர் முதல்நாள் எங்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் அவர்கள் பாறைமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சம்பந்திகள், யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று அலசிக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்கள்.

என் வீட்டுக்காரருக்கும் லேசாகத் தலைவலித்தது. அத்தை அவர் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார். "அம்மா, மானம் போகுது," என்றார் இவர். பிறகு ஒரு நாள் முழுக்க அதே முகாமில் தங்கி, தண்ணீர் குடித்துக் குடித்துச் சரியானார்.

கடைசி ஏற்றம் சரளைக் கல். இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கியது. மூடுபனியில் முன்னால் போகிறவரின் பைதான் தெரிந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, இனி முடியாது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் மேலிருந்து அந்த இரண்டு குரல்களும் கேட்கும். சிறுகச் சிறுகத்தான் நடந்தார்கள். ஆனால் நிற்கவில்லை.

திடீரென்று இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன ஆயிற்றோ என்று கையையும் ஊன்றி ஏறினேன்.

ஒன்றும் ஆகவில்லை. முகட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பனிமூட்டம் விலகி, கீழே ஏரி தெரிந்தது. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. பாலில் மயில்துத்தத்தைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். எதிர்க்கரையில் பனியாறு அழுக்கும் வெள்ளையுமாக இறங்கி வந்து தண்ணீருக்குள் மூக்கை நுழைத்திருந்தது. அங்கங்கே உடைந்த பனிக்கட்டிகள் மிதந்தன. காற்றுக்கூட இல்லை.

நாங்கள் நாலு பேரும் பாறைமேல் உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை மெல்ல, மிக மெல்ல, "நல்லா இருக்கு, இல்ல?" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அப்போது எதிர்ப்புறம் வீடு அளவுக்கு ஒரு பனித்துண்டு கழன்று ஏரியில் விழுந்தது. விழுந்தது முதலில் தெரிந்தது, சத்தம் பிறகுதான் வந்தது, மலையெல்லாம் மோதி மோதி. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம், யாருக்கு என்று தெரியாமலே.

மேகம் மறுபடி கூடுகிறது, இறங்கலாம் என்றாள் வழிகாட்டி. இறங்கும் வழியில் முகட்டுக்குக் கீழே பனி மூடிய ஒரு சரிவு. அதிகச் செங்குத்தில்லை, அடியில் பரந்த மணல்திட்டு. நடந்தால் வழுக்கும், உட்கார்ந்து சறுக்கிவிடலாம், பயமில்லை என்று சொல்லி அவளே முதலில் சறுக்கிக் காட்டினாள். பிறகு கீழே நின்று கையசைத்தாள்.

"நான் மாட்டேன்ப்பா, இதுல பிரேக் எங்க இருக்கு?" என்று அத்தை பின்வாங்கினார்.

அம்மா பையை மார்போடு கட்டிக்கொண்டு, பனிமேல் உட்கார்ந்து, எங்களை ஒருமுறை பார்த்தாள். அடுத்த நொடி ஆளைக் காணோம். அவள் போட்ட கூச்சல்தான் கேட்டது. பயத்தில் போடுகிற கூச்சல் இல்லை அது. அதைக் கேட்டதும் அத்தைக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "ஏய், இருடி, நானும் வரேன்!" என்று கத்திக்கொண்டே பின்னால் பாய்ந்தார்.

நானும் இவரும் அவ்வளவு துணிச்சல்காரர்கள் இல்லை. உடைந்த காலை நினைத்து இவர் ஓரமாகக் கம்பை ஊன்றி ஊன்றி இறங்கினார், நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். பாதிச் சரிவு இறங்கியிருப்போம். எங்களுக்கு எதிரே யாரோ இரண்டு பேர், உடம்பெல்லாம் பனி ஒட்டியபடி, மூச்சு வாங்க, பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள்.

"எங்கம்மா போறீங்க?" என்று இவர் கேட்டார்.

"இன்னொரு தடவைடா," என்றார் அத்தை. "ஒரே ஒரு தடவை." கீழேயிருந்து வழிகாட்டி, நேரமாச்சு அம்மா, நேரமாச்சு என்று கத்திக்கொண்டிருந்தாள். இருவரும் காது கேட்காதவர்கள் மாதிரி எங்களைக் கடந்து மேலே போனார்கள்.